ஹெட் பேக்கிங் மாற்றியும் நிற்காத தண்ணீர்: ஒரு டிராக்டர் எஞ்சின் பழுது பற்றிய நிகழ்வு ஆய்வு

காவிரி டெல்டாவில் டிராக்டர் பழுது பார்க்கும் பட்டறைகளுக்கு மே மாதக் கடைசியும் ஜூன் முதல் வாரமும் ஆண்டிலேயே நெருக்கடியான நாள்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ஆம் தேதியைக் கணக்கில் வைத்துத்தான் கோடை உழவு, நாற்றங்கால், சேறடிப்பு என்று குறுவை வேலைகள் வரிசைப்படுகின்றன. அந்த வரிசையில் ஒரு வண்டி நின்றுவிட்டால் உரிமையாளரின் சொந்த நிலத்து வேலையோடு, வாடகைக்கு அவர் ஒப்புக்கொண்ட பத்துப் பதினைந்து பேரின் வேலையும் சேர்ந்து நின்றுவிடும். இங்கே விவரிக்கப்படும் டிராக்டர் அப்படிப்பட்ட ஒரு ஜூன் முதல் வாரத்தில், மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்திலிருந்து, இன்னொரு டிராக்டரின் பின்னால் கட்டி எங்கள் பட்டறைக்கு இழுத்துவரப்பட்டது. மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின். பிஸ்டன் ஏறி இறங்கும் குழாயான லைனரைத் தண்ணீர் நேரடியாகச் சுற்றி நிற்கும் வெட் லைனர் வகை. மீட்டரில் 4,100 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடியிருந்தது. எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்பதுதான் புகார். அதே புகாருக்காக மூன்று வாரங்களுக்கு முன்பு வேறொரு பட்டறையில் எஞ்சினின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றி, அதற்கும் சிலிண்டர்களைத் தாங்கும் பிளாக்குக்கும் இடையே கசியாமல் அடைக்கும் ஹெட் பேக்கிங் புதிதாகப் போடப்பட்டிருந்தது. மறுபடியும் தண்ணீர் கலந்தபோது, பிளாக்கில் விரிசல் இருக்கிறது, பழைய பிளாக் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். டிராக்டர்களை உடைத்துப் பாகம் பாகமாக விற்கும் ஒரு காயலான் கடையில் பிளாக்குக்கு முன்பணமும் கொடுத்துவிட்டுத்தான் உரிமையாளர் எங்களிடம் வந்தார்.

வெட் லைனரில் துளை விழுவது அபூர்வமான பழுது அல்ல. இந்த வகை எஞ்சின்களில் சில ஆண்டுகள் வேலை செய்த எவரும் ஒன்றிரண்டாவது பார்த்திருப்பார்கள். இந்த வண்டியைப் பற்றி எழுதத் தோன்றியதற்குக் காரணம் வேறு. எந்தப் பாகத்தை முதலில் கழற்றுகிறோம் என்பதைப் பொறுத்தே பழுதின் தடயம் மிஞ்சுவதும் அழிவதும் இருக்கிறது. முதல் பட்டறையில் தடயம் அழிந்தது. அன்று காலை நாங்கள் அவசரப்பட்டிருந்தால் எங்கள் பட்டறையிலும் அழிந்திருக்கும்.

வண்டிக்காரர் சொன்னவையும் சொல்லாமல் விட்டதும்

டெல்டாவில் ஆயில் வெளுப்பது என்று சொன்னால் முதலில் எந்த ஆயில் என்று கேட்டாக வேண்டும். கேஜ் வீல் எனும் இரும்புக் கூண்டுச் சக்கரம் பூட்டிச் சேற்றில் இறங்கும் வண்டிகளில் கியர் பெட்டி, பின் அச்சு, ஹைட்ராலிக் ஆயில்கள் வெளுப்பது ஒவ்வொரு நடவுக்கும் நடப்பதுதான். பிரேக் வழியாகவோ கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்தோ உள்ளே போகும் வயல் தண்ணீர் அது, வெளியிலிருந்து வருவது, ஆயிலை மாற்றி, சீலைப் புதுப்பித்தால் தீரும். எஞ்சின் ஆயில் வெளுப்பது வேறு கதை. அங்கே தண்ணீர் பெரும்பாலும் எஞ்சினுக்குள்ளேயே ஓடும் குளிர்விப்பு நீரிலிருந்து வருகிறது, ஆயிலின் மசகுப் படலத்தைக் கெடுக்கிறது, சில நாள்களிலேயே பேரிங்குகளைத் தின்றுவிடுகிறது.

இந்த வண்டியில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தபோது ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில், கம்பியிலிருந்து வழியாமல் பசை போல ஒட்டிக்கொண்டிருந்தது. மட்டமும் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தது. ஆயில் மட்டம் ஏறுவதற்கு டீசல் கலப்பதும் காரணமாகலாம் என்பதால், அடுப்பில் காய வைத்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம். சடசடவென்று பொரிந்து தெறித்தது. டீசல் மட்டும் கலந்திருந்தால் புகையும், நாற்றமடிக்கும், பொரியாது.

உரிமையாளரிடம் கேட்ட கேள்விகளில் ஒன்றுதான் பின்னால் முழு வேலைக்கும் திசை காட்டியது. ரேடியேட்டரில் தண்ணீர் எப்போது குறைகிறது என்று கேட்டோம். "ராத்திரி நிறுத்தி வெச்சா காலைல அரைச் சொம்பு கேக்குது தம்பி, ஓட்டுறப்ப ஒண்ணும் கேக்கல" என்றார். தினமுமா அண்ணே என்று கேட்டதற்கு, "அதுதான் புரியல, ஒரு நாளு குறையுது, ஒரு நாளு அப்படியே நிக்குது" என்றார். இரண்டு பதில்களையும் பட்டறைப் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்தோம். இரண்டாவது பதிலின் பொருள் எங்களுக்கும் அப்போது விளங்கவில்லை.

அவர் சொல்லாமல் விட்ட ஒன்றை ரேடியேட்டர் மூடியைத் திறந்ததும் மூக்கு கண்டுபிடித்தது. கழுத்தின் உட்புறம் முழுவதும் மஞ்சள் படிந்திருந்தது. ஊறிப் புளித்த மஞ்சள் தூளின் வாடை அடித்தது. ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றுவது சாலையோர ஓட்டுநர்களிடையே நெடுங்காலமாக இருக்கும் கைவைத்தியம். தூள் நீரில் ஊறிச் சிறு துளைகளில் அடைத்துக்கொள்ளும். வண்டி ஊர் போய்ச் சேரும். விசாரித்தபோது, மே மாதம் ஆயில் முதன்முதலாக வெளுத்த அன்றே பக்கத்து வயலில் ஓட்டிக்கொண்டிருந்தவர் சொன்னதைக் கேட்டு இரண்டு கைப்பிடி போட்டதாகவும், மறுநாள்தான் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனதாகவும் ஒப்புக்கொண்டார். புது ஹெட் பேக்கிங் போட்ட பிறகு பத்து நாள் ஒரு குறையும் இல்லை. பிறகு தண்ணீர் நாற்றமெடுத்ததால் ரேடியேட்டரை அவரே நன்றாகக் கழுவிவிட்டார். கழுவிய இரண்டாம் நாளே ஆயில் மறுபடி வெளுத்தது.

ஒரே வாரத்தில் இரண்டு காரியங்கள் நடந்திருக்கின்றன: மஞ்சள் தூள் போடப்பட்டது, பேக்கிங் மாற்றப்பட்டது. பத்து நாள் நிம்மதிக்கான பெருமை முழுவதும் பேக்கிங்குக்குப் போயிற்று. பேக்கிங் புதிது, அப்படியும் தண்ணீர் வருகிறது, ஆகவே பிளாக்தான் வெடித்திருக்க வேண்டும் என்ற முடிவு அந்தப் பெருமையின் மேல் கட்டப்பட்டதுதான். அந்தப் பட்டறைக்காரரை இதில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. மஞ்சள் தூள் விவரம் அவருக்குச் சொல்லப்படவே இல்லை.

ஆயில் இரண்டாம் முறை வெளுத்த பிறகும் இரண்டு வயல் பாக்கி இருந்ததால் வண்டி மேலும் நான்கு நாள் ஓடியிருக்கிறது. ஆயில் பிரஷர் விளக்கு விட்டு விட்டு எரியத் தொடங்கிய பிறகே நிறுத்தப்பட்டது.

ஹெட்டைத் தொடுவதற்கு முன்

இவ்வகை எஞ்சினில் குளிர்விப்பு நீர் ஆயிலுக்குள் போவதற்கு உள்ள வழிகள் அதிகமில்லை. ஆயில் கூலர் இதில் கிடையாது. தண்ணீர் பம்பு பெல்ட்டால் வெளியே ஓடுவது. அதன் சீல் போனால் நீர் அடியில் உள்ள சிறு துளை வழியாகத் தரையில்தான் சொட்டும். மிஞ்சுபவை ஹெட் பேக்கிங், ஹெட்டில் விரிசல், லைனரின் அடியில் உள்ள ஓரிங்குகள் எனும் ரப்பர் வளையங்கள், லைனரில் துளை, பிளாக்கில் விரிசல் ஆகிய ஐந்துதான். முதல் இரண்டும் மேலே இருப்பவை. மற்ற மூன்றும் கீழே இருப்பவை.

பட்டறைகளில் ஹெட்டை முதலில் கழற்றுவதற்குக் காரணம் அது கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது என்பதைத் தவிர வேறில்லை. பானெட்டைத் தூக்கினால் ஹெட். அரை நாளில் இறக்கி ஏற்றிவிடலாம். கீழே பார்க்க வேண்டுமானால் அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்ற வேண்டும். காரிலும் லாரியிலும் சம்ப் என்பது தகட்டுத் தொட்டி. இத்தகைய டிராக்டரிலோ அது கனத்த வார்ப்பிரும்பு. வண்டியின் முதுகெலும்பே அதுதான். முன் அச்சைத் தாங்கும் இருக்கை அதனோடுதான் பூட்டப்பட்டிருக்கிறது. ஆகவே சம்ப் கழற வேண்டுமானால் ரேடியேட்டரோடும் சக்கரங்களோடும் முன் அச்சு முழுவதும் முன்னால் நகர்ந்தாக வேண்டும். இரண்டு ஆளுக்கு ஒரு முழு நாள் வேலை. வண்டிக்காரர் தலைமேல் நிற்கும் ஜூன் மாதத்தில் அந்த ஒரு நாளைக் கேட்டு வாங்குவது எளிதல்ல.

ஆனால் ஹெட்டைத் தூக்கிய மறுகணம் தண்ணீர்ச் சுற்று திறந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தச் சுற்றில் அழுத்தம் ஏற்றி எங்கே கசிகிறது என்று பார்க்க முடியாது. பேக்கிங்கைப் பார்க்கலாம், ஹெட்டின் மட்டத்தைப் பார்க்கலாம், சிலிண்டரின் உட்சுவரைப் பார்க்கலாம்; நீர் எந்த வழியாக இறங்கியது என்பதை ஊகிக்கத்தான் முடியும். ஐந்து வழிகளில் எதுவென்று ஒரே சோதனையில் காட்டக்கூடியது மூடிய சுற்றில் அழுத்தம் ஏற்றி அடியிலிருந்து பார்ப்பது மட்டும்தான். அந்த வாய்ப்பு ஹெட் இருக்கையில் இருக்கும் வரைதான் உண்டு.

முதல் நாள் மாலை வண்டியைச் சமதளத்தில் அசையாமல் விட்டு, மறுநாள் காலை சம்ப் வடிகால் பிளக்கை மரை கழலாத அளவுக்கு மெல்லத் தளர்த்தினோம். நீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் கலக்காமல் நின்ற நீர் அடியில் தேங்கியிருக்கும். முதலில் அதுதான் வரும். ஒரு டம்ளருக்கு மேல் தெளிந்த நீர் வந்த பிறகே வெளுத்த ஆயில் வரத் தொடங்கியது. அந்த நீரிலும் இலேசாக மஞ்சள் நிறம் இருந்தது. ரேடியேட்டர் நீர்தான் சம்புக்கு வருகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை; அவ்வகையில் மஞ்சள் தூள் ஒரு நன்மையும் செய்தது.

அடுத்து, புது ஆயில் ஊற்றி எஞ்சினை ஐந்து நிமிடம் மட்டும் ஓட்டினோம். ஐந்து நிமிடத்துக்காக ஏழு லிட்டர் ஆயிலா என்று உரிமையாளர் முகம் சுளித்தது நியாயமே. ஆனால் வெளுத்த ஆயிலோடு இன்னொரு முறை ஸ்டார்ட் செய்ய நாங்கள் துணியவில்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்து வரை நீர் நிரப்பி, வேகத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தபோது குமிழ்கள் எழவில்லை. சைலன்சரில் வெண்புகை இல்லை. பேக்கிங் சிலிண்டர் ஓரத்தில் வெடித்திருந்தால், எரியும் வாயு தண்ணீர்ச் சுற்றுக்குள் புகுந்து ரேடியேட்டரில் கொப்பளிக்கும். கொப்பளிக்கவில்லை என்பதால் பேக்கிங்கை முழுமையாக விலக்கிவிட முடியாது. தண்ணீர் வழிக்கும், வால்வுகளைத் தள்ளும் கம்பியான புஷ் ராட் இறங்கும் துளைக்கும் நடுவே மட்டும் அது விட்டிருக்கலாம். ஆனால் ஐயம் கீழ் நோக்கி நகர்ந்தது. உரிமையாளரிடம் ஒரு நாள் கேட்டோம். காயலான் கடைக்கும் ஒரு நாள் பொறுக்கச் சொல்லும்படி வேண்டினோம்.

சைக்கிள் பம்பும் செய்தித்தாளும்

கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் இரும்பு ஸ்டாண்டும் அதன் மேல் வேலமரக் கட்டையும் கொடுத்து, எஞ்சினின் முன்பக்கத்தைச் சங்கிலிக் கப்பியில் தாங்கவைத்த பிறகே முன் அச்சின் போல்ட்டுகளைத் தளர்த்தினோம். ஹைட்ராலிக் ஜாக்கை மட்டும் நம்பி டிராக்டருக்கு அடியில் படுப்பதை எங்கள் பட்டறையில் அனுமதிப்பதில்லை. ஜாக்கின் சீல் எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது.

ரேடியேட்டர் முன் அச்சோடு போய்விட்டதால் தண்ணீர்ச் சுற்றை வேறு விதமாக மூட வேண்டியிருந்தது. தண்ணீர் பம்பின் வாயில் ரப்பர்க் கட்டையை வைத்துக் கிளிப் போட்டு இறுக்கினோம். மேல் ஹோஸில், சைக்கிள் டியூபின் வால்வைப் பதித்த இன்னொரு கட்டையைப் பொருத்தினோம். டிரம்மில் காய்ச்சிய சுடுநீரைப் பிளாக்கில் நிரப்பினோம். சில கசிவுகள் இரும்பு சூடேறி விரிந்தால்தான் வாய் திறக்கும். பிறகு மீட்டர் பொருத்திய சைக்கிள் பம்பால் ஏறத்தாழ 1 பார் வரை காற்றடித்தோம். இந்த வண்டியின் ரேடியேட்டர் மூடி 0.9 பாருக்கானது, அதைவிட மிக அதிகமாக ஏற்றி ஹோஸையும் சீலையும் கெடுப்பதில் பொருளில்லை. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் அடியில் செய்தித்தாளை விரித்து, லைனர்களின் கீழ் விளிம்புகளைத் துணியால் துடைத்து, முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவினோம். ஈரம் எந்த வழியாக இறங்கினாலும் பவுடரில் கோடு போடும்.

இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. மீட்டர் முள் மட்டும் மிக மெல்ல இறங்கியது. அது வால்விலும் கசிந்திருக்கலாம். பிளாக்கும் லைனரும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஹெட்டையே பார்த்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. அப்போது பட்டறையில் வேலை பழகும் பையன், மூன்றாவது லைனரின் ஓரம் தெரியவில்லை என்று சொல்லிக் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானரைப் போட்டுக் கால் சுற்றுச் சுற்றினான். இரண்டாவது பிஸ்டன் மேலே ஏறியது. ஏறிய சிறிது நேரத்தில் செய்தித்தாளில் டப் என்று ஒரு சொட்டு விழுந்தது, பிறகு இன்னொன்று. டார்ச்சை அடித்துப் பார்த்தபோது, லைனரின் வெளி விளிம்பில் தூவிய பவுடர் உலர்ந்தே இருந்தது. உட்சுவரில் மேலிருந்து ஒரு நீர்க்கோடு இறங்கிக்கொண்டிருந்தது. கிராங்கைத் திருப்பிப் பிஸ்டனைக் கீழே கொண்டுவந்தால் சொட்டு நின்றது. மேலே ஏற்றினால் மறுபடி விழுந்தது. மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்த்தோம்.

பலகையில் எழுதிய இரண்டாவது பதில் அப்போதுதான் விளங்கியது. துளை லைனரின் கீழ்ப் பாதியில் இருக்கிறது. எஞ்சின் நிற்கும்போது இரண்டாவது பிஸ்டன் மேலே நின்றுவிட்டால், துளை கிராங்க் பக்கமாகத் திறந்திருக்கிறது. நீர் அதன் வழியே சம்புக்குள் இறங்குகிறது. பிஸ்டன் கீழே நின்றுவிட்டால் பாவாடை எனப்படும் அதன் கீழ்ச் சுவர் துளையை மூடிக்கொள்கிறது; அன்று தண்ணீர் குறைவதில்லை. எஞ்சின் எந்த நிலையில் நிற்கும் என்பது நிறுத்துபவர் கையில் இல்லாததால் ஒரு நாள் குறைந்தது, ஒரு நாள் நின்றது. குமிழ் எழாததற்கும் இதுவே விளக்கம்: பிஸ்டனின் தலை அந்தத் துளைக்குக் கீழே ஒருபோதும் போவதில்லை என்பதால் எரியும் வாயுவுக்கும் துளைக்கும் தொடர்பே இல்லை.

ஓரிங் விட்டிருந்தால் நீர் லைனருக்கும் பிளாக்குக்கும் இடைப்பட்ட விளிம்பில் சொட்டியிருக்கும். பிஸ்டன் எங்கே நின்றாலும் சொட்டியிருக்கும். பேக்கிங்கிலிருந்து புஷ் ராட் வழியாக வந்திருந்தால் புஷ் ராடுகளைத் தள்ளும் கேம் ஷாஃப்ட் பக்கம் நனைந்திருக்கும். காயலான் கடைக்குப் பிளாக் வேண்டாம் என்று அன்று மாலையே சொல்லி அனுப்பினோம்.

பிரித்த பிறகு

மறுநாள் ஹெட் இறங்கியது. மட்டக் கம்பியை ஹெட்டின் முகத்தில் நீளவாட்டிலும் மூலைவாட்டிலும் வைத்துப் பார்த்ததில் 0.05 மில்லிமீட்டர் கனமுள்ள ஃபீலர் கேஜ் இலை எங்கும் நுழையவில்லை. மூன்று வாரப் பேக்கிங்கில் குறை ஏதும் இல்லை. உரிமையாளர் பழைய பேக்கிங்கையும் டூல் பெட்டியில் மடித்து வைத்திருந்தார். எதையும் எறியாத மனிதர். அதிலும் சிலிண்டர் வாய்களைச் சுற்றிய நெருப்பு வளையங்கள் சிதையவில்லை, நீர் அரித்த தடம் எங்கும் இல்லை. முதல் முறையே பேக்கிங் குற்றவாளி அல்ல.

இரண்டாவது லைனரைப் புல்லரால் இழுத்து எடுத்தபோது அதன் வெளிப்புறம் முழுவதும் செங்காவி நிறத்தில் உப்புப் படிவு இருந்தது. சில இடங்களில் நகத்தின் கனம். கம்பித் தூரிகையால் தேய்த்து வெளுத்த பிறகு, ஒரு பக்கத்தில் மட்டும், மேலிருந்து கீழாக இரண்டு விரல் அகலத்துக்கு, அம்மைத் தழும்பு போலக் குழிகள் நெருக்கமாக இருந்தன. எதிர்ப் பக்கத்தில் சில புள்ளிகள்தான். முன்னும் பின்னும் சுத்தம். ஓர் ஊக்கின் முனையால் ஒவ்வொரு குழியாகத் துழாவியதில், மேல் விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஆறு அங்குலம் கீழே ஒரு குழியில் ஊக்கு உள்ளே போய்விட்டது. லைனரின் வாயில் துணியைப் போர்த்தி உள்ளே டார்ச்சை வைத்தபோது அந்த இடத்தில் வெளிச்சம் ஒரு கடுகளவு மின்னியது. ஒன்றாவது, மூன்றாவது லைனர்களிலும் அதே பக்கத்தில் அதே வரிசை. துளை மட்டும் விழவில்லை.

இரண்டாவது பிஸ்டனின் கனெக்டிங் ராட் கிராங்கைப் பற்றும் பிக் எண்ட் பேரிங்கின் மேல் பாதி மங்கிச் சாம்பல் நிறமாகி, நடுவில் செம்பு தெரியத் தொடங்கியிருந்தது. மற்றவை அவ்வளவு மோசமில்லை. கிராங்கின் கழுத்துகளை மைக்ரோமீட்டரால் இரு திசைகளில் அளந்ததில் தேய்மானமும் நீள்வட்டமும் எல்லைக்குள் இருந்தன. லேத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கவில்லை. இன்னும் இரண்டு நாள் ஓட்டியிருந்தால் கிராங்கும் போயிருக்கும் என்று வழக்கமாகச் சொல்வதை நான் சொல்ல மாட்டேன். எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

துளை ஏன் விழுந்தது

இந்தக் குழிகள் துருவால் மட்டும் விழுபவை அல்ல. துருவாக இருந்தால் லைனரைச் சுற்றிலும் இருந்திருக்கும். எரிதலின் விசையில் பிஸ்டன் கீழிறங்கும்போது கனெக்டிங் ராட் சாய்ந்திருப்பதால், பிஸ்டன் லைனரின் ஒரு பக்கத்தில் அறைகிறது. அப்படி அறையும்போது லைனர் மணி போல அதிர்கிறது. சுவர் நீரிலிருந்து விலகும் கணத்தில் அழுத்தம் குறைந்து மிக நுண்ணிய நீராவிக் குமிழ்கள் தோன்றுகின்றன. சுவர் திரும்பி வரும் கணத்தில் அவை நொறுங்கி அமிழ்கின்றன. கேவிட்டேஷன் எனப்படும் இந்நிகழ்வில் குமிழ் அமிழும் இடத்தில் எழும் அழுத்தம் இரும்பையும் பொறித்துவிடும் அளவுக்குப் பெரிது. கப்பல்களின் உந்துவிசிறிகள் அரிபட்டதை ஆராயும் போக்கில், நீரில் ஒரு குமிழ் அமிழும்போது எவ்வளவு அழுத்தம் பிறக்கும் என்பதை 1917-ஆம் ஆண்டிலேயே லார்ட் ரேலே கணக்கிட்டுக் காட்டினார். கப்பலில் நடப்பதுதான் மன்னார்குடிப் பக்கத்து டிராக்டரிலும் நடக்கிறது, சிறிய அளவில்.

எல்லா வெட் லைனர்களும் அதிரத்தான் செய்கின்றன. எல்லாவற்றிலும் 4,000 மணி நேரத்தில் துளை விழுவதில்லை. இந்த வண்டியில் மூன்று காரணங்கள் சேர்ந்திருந்தன. முதலாவது, புதிதாக வாங்கிய முதல் சர்வீசுக்குப் பிறகு இதில் கூலண்ட் ஊற்றப்பட்டதே இல்லை. கூலண்ட் என்பது பனி உறையும் ஊர்களுக்கானது, நமக்கு எதற்கு என்ற எண்ணம் இங்கே ஆழமாக இருக்கிறது. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான்; அதில் கலந்துள்ள வேதிப்பொருள்கள் இரும்பின் மேல் ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கி, குமிழின் அடியைத் தாங்க வைப்பது நமக்கு அதைவிட முக்கியமான வேலை. இந்த வண்டி குடித்ததோ வயல் போர்செட் தண்ணீர். தெற்கே கடலை நோக்கிப் போகப் போக நிலத்தடி நீரில் உப்பு ஏறும் பகுதி இது; படலம் தராததோடு உப்பும் சேர்ந்து அரித்தது.

இரண்டாவது, ரேடியேட்டர் மூடி. அதன் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. நல்ல மூடி சுற்றின் அழுத்தத்தை 0.9 பார் உயர்த்தி, நீரின் கொதிநிலையைச் சுமார் 118 டிகிரிக்குக் கொண்டுபோகிறது என்பது பலருக்குத் தெரியும். அந்த அழுத்தமே குமிழ் தோன்றுவதையும் அடக்குகிறது என்பது அவ்வளவாகத் தெரியாது. நூறு இருநூறு ரூபாய்ச் சாமான் என்பதாலேயே அதை யாரும் மதிப்பதில்லை.

மூன்றாவதுதான் எனக்கு எரிச்சல் தருவது. எஞ்சின் சூடேறும் வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் தெர்மோஸ்டாட் வால்வு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. வெயில் நாட்டுக்கு அது தேவையில்லை, அது இருந்தால்தான் சூடேறுகிறது என்று சொல்லி அதைக் கழற்றி எறிவது நம் பட்டறைகளில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அது இல்லாத எஞ்சின் உரிய சூட்டை எட்டாமலே ஓடுகிறது. பிஸ்டன் முழுமையாக விரிவதில்லை. லைனருக்கும் பிஸ்டனுக்கும் இடையே சந்து அதிகமாகவே இருக்கிறது. அறை பலமாக விழுகிறது. எஞ்சினைக் காப்பதாக எண்ணிச் செய்த காரியம் அதே எஞ்சினின் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தது.

திரும்பப் பூட்டியது

மூன்று சிலிண்டருக்கும் லைனர், பிஸ்டன், ரிங் அடங்கிய செட் வாங்கினோம். துளை விழுந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்று உரிமையாளர் கேட்டார். மற்ற இரண்டு லைனர்களையும் அவர் கையில் கொடுத்து, குழிகளை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னோம். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஓரிங் போடாமல் லைனர்களை முதலில் வெறுமனே இறக்கி, அவற்றின் தலை பிளாக்கின் முகத்துக்கு மேல் எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று டயல் கேஜால் நான்கு நான்கு இடங்களில் அளந்தோம். அந்தச் சில நூறிலொரு பங்கு மில்லிமீட்டர்தான் பேக்கிங்கைக் கவ்விப் பிடிப்பது. மூன்றாவது லைனர் ஒரு பக்கம் தாழ்ந்து காட்டியது. எடுத்துப் பார்த்தால் அது உட்காரும் படியில் வெங்காயச் சருகு போல ஒரு துருச் செதில் ஒட்டியிருந்ததால் எதிர்ப் பக்கம் தூக்கியிருந்தது. எமரித் தாளால் கையாலேயே துடைத்து மறுபடி அளந்தபோது சரியானது. பிறகு ஓரிங்குகளைச் சோப்பு நீரில் நனைத்துப் போட்டு லைனர்களை இறக்கி, பிளாக்கில் தண்ணீர் ஊற்றி இரவு முழுவதும் விட்டோம். காலையில் அடியில் விரித்த செய்தித்தாள் உலர்ந்திருந்தது.

ஆயில் ஓடும் வழிகளில் அடைந்திருந்த வெண்பசையைக் கழுவ அரை நாள் ஆயிற்று. பிக் எண்ட், மெயின் பேரிங்குகள் புதிதாகப் போடப்பட்டன. ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று கட்டங்களில் டார்க் ரெஞ்சால் இறுக்கினோம். ஸ்பானரில் பைப்பைச் செருகி, கை சொல்லும் வரை இறுக்கும் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு கையும் ஒவ்வொன்று சொல்லும். 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டும் புது மூடியும் போட்டு, நீர் கலந்தே வரும் ஆயத்தக் கூலண்டை ஊற்றினோம். அது நாக்குக்கு இனிக்கும் நஞ்சு என்பதையும், வடிக்கும்போது மாடும் நாயும் வாய் வைக்காத இடத்தில் வடிக்க வேண்டும் என்பதையும் உரிமையாளரிடமும் அவர் மகனிடமும் சொன்னோம்.

எங்கள் பக்கத்துத் தவறு ஒன்றும் உண்டு. டீசல் பில்டரின் போல்ட்டில் பழைய செம்பு வாஷரையே திருப்பிப் போட்டதால் காற்று இழுத்து, வண்டி ஸ்டார்ட் ஆவதும் அணைவதுமாக இருந்தது. காற்றெடுத்துக் காற்றெடுத்துப் பம்பின் கைப்பிடி தேய்ந்ததுதான் மிச்சம். பத்து ரூபாய் வாஷரைக் கண்டுபிடிப்பதற்குள் அரை நாள் போய்விட்டது. அந்த அரை நாளுக்குக் கூலி வாங்கவில்லை. வண்டி ஆறாம் நாள் பட்டறையை விட்டுப் போனது.

பத்து மணி நேரம் ஓடியதும் முதல் ஆயிலை வடித்துப் பார்த்தோம்; கறுத்திருந்தது, வெளுப்பு இல்லை. ஐம்பது மணி நேரத்தில் ஹெட் போல்ட்டுகளையும் டேப்பெட் இடைவெளியையும் சரிபார்க்க வந்தபோது கூலண்ட் மட்டம் ஊற்றிய இடத்திலேயே நின்றது. பழைய பிளாக்குக்குக் கொடுத்த முன்பணத்தில் பாதிதான் உரிமையாளருக்குத் திரும்பக் கிடைத்ததாம். மீதிக்கு அந்தக் கடையில் ஒரு ஜோடி முன் சக்கர ஹப்பை எடுத்துக்கொண்டு, அதையும் கையோடு கொண்டுவந்திருந்தார். ஒன்றில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து, விரலால் ஆட்டினாலே புது பேரிங் சுழன்றது. அதைப் பூட்ட முடியாது என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.